ஃபிஞ்ச் ஜோடியும் குஞ்சுகளும்: தீவனம், பராமரிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூண்டில் முதல் முட்டையைப் பார்த்த அன்றுதான் பெரும்பாலானவர்கள் தீவனத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறார்கள். அது ஏறக்குறைய ஒரு மாதம் தாமதம். கீழே உள்ள பதில்கள், விதை தின்னும் இந்தச் சிறு கூண்டுப் பறவைகளில் முக்கியமாக ஜீப்ரா ஃபிஞ்சையும் பெங்காலீஸ் ஃபிஞ்சையும் மனதில் வைத்து எழுதியவை. கூல்டியன் என்ற இன்னொரு ஃபிஞ்ச் வகை வேறுபடும் இடங்களில் மட்டும் அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

எந்த வயதில் ஜோடி சேர்க்கலாம்?

ஜீப்ரா ஃபிஞ்ச் 3 மாதத்திலேயே முட்டையிடும். இடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். பெட்டைக்கு 9 மாதமாவது ஆகட்டும். ஆணுக்கு 6 மாதம் போதும். சின்ன வயதில் முட்டையிட்ட பெட்டைக்கு முட்டை அடைத்துக்கொள்ளும் ஆபத்து அதிகம். அதைத் தாண்டிக் குஞ்சு பொரித்தாலும் பாதியில் ஊட்டுவதை நிறுத்திவிடுவது இளம் ஜோடிகள்தான். ஒரே ஈற்றில் பிறந்த அண்ணன் தங்கையை ஜோடி சேர்க்க வேண்டாம். கடையில் ஒரே கூண்டிலிருந்து பிடித்துக் கொடுத்த இரண்டும் பெரும்பாலும் கூடப் பிறந்தவையாகத்தான் இருக்கும்.

ஆண், பெட்டை எப்படித் தெரியும்?

ஜீப்ராவில் சுலபம். ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு, நெஞ்சில் கறுப்புக் கோடுகள், விலாவில் வெள்ளைப் புள்ளி போட்ட செம்பழுப்பு. பெட்டைக்கு இவை எதுவும் இல்லை. முழு வெள்ளை ஜீப்ராவாக இருந்தால் அலகைப் பாருங்கள்: ஆணுடையது அடர் சிவப்பு, பெட்டையுடையது வெளிறிய ஆரஞ்சு. பெங்காலீஸில் பார்வைக்கு வித்தியாசமே கிடையாது, பாடுவது ஆண். ஒரு பறவையைத் தனிக் கூண்டில் ஒரு நாள் வைத்துவிட்டு மறுபடி கூட்டத்தில் விட்டால், ஆணாக இருந்தால் விட்ட சில நிமிடங்களிலேயே உடம்பை உப்பிக்கொண்டு பாட ஆரம்பித்துவிடும்.

தினை மட்டும் போட்டால் போதாதா? காட்டில் விதைதானே தின்கின்றன?

காட்டில் அவை பால் பிடித்த பச்சை விதையும் தின்கின்றன. கூடவே ஆங்காங்கே சின்னப் பூச்சிகளும். நாம் போடுவது மாதக்கணக்கில் மூட்டையில் கிடந்து காய்ந்த விதை. இரண்டும் ஒன்றல்ல.

காய்ந்த தினை, பனிவரகு, கேனரி விதை இவற்றின் கலவை சும்மா இருக்கும் பறவைக்கு அடிப்படைத் தீவனமாக இருக்கலாம். முட்டையிடும் பெட்டைக்கும் வளரும் குஞ்சுக்கும் அது போதாது. சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு, வைட்டமின் ஏ கிட்டத்தட்ட இல்லை, இறகும் தசையும் வளரத் தேவையான லைசின் என்ற புரதக்கூறும் குறைவு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜீப்ரா பெட்டையின் எடை 12, 13 கிராம். ஒரு முட்டை ஏறக்குறைய 1 கிராம். நாளுக்கு ஒன்றாக 5 நாளில் 5 முட்டை வைக்கிறது. தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஒரு வாரத்துக்குள் வெளியே தள்ளுகிறது. அந்த ஓடும் கருவும் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். தட்டில் இல்லையென்றால் அதன் எலும்பிலிருந்து எடுக்கும். முட்டை வந்த பிறகு சத்துணவு தொடங்குவது ஏன் தாமதம் என்கிறேன் என்றால் இதனால்தான். கூடு மாட்டுவதற்கு 3, 4 வாரம் முன்பே உணவை மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. தட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஃபிஞ்ச் விதையை அலகில் உருட்டி உமியை அங்கேயே உதிர்த்துவிடும். மாலையில் தட்டு காலையில் வைத்தது போலவே நிரம்பியிருக்கும். மேலே இருப்பது முழுக்க வெற்று உமி. நான் வளர்க்கத் தொடங்கிய புதிதில் இரண்டு நாள் வெளியூர் போய்த் திரும்பியபோது தட்டு விளிம்புவரை இருந்ததைப் பார்த்து நிம்மதியாக உட்கார்ந்துவிட்டேன். சந்தேகம் வந்து ஊதிப் பார்த்தபோது அத்தனையும் பறந்து, அடியில் நாலைந்து விதை மட்டும் கிடந்தது. கூட்டிலிருந்த மூன்று குஞ்சில் கடைக்குட்டி போய்விட்டிருந்தது. அன்றிலிருந்து காலையும் மாலையும் ஊதிவிட்டுத்தான் அளவு பார்க்கிறேன். நீங்களும் ஊதுங்கள்.

முட்டை உணவு எப்படிச் செய்வது? எவ்வளவு வைப்பது?

கோழி முட்டையை 10 முதல் 12 நிமிடம் கெட்டியாக வேகவைத்து, ஆறியதும் மெல்லிய துருவலில் துருவுங்கள். உப்பும் சர்க்கரையும் சேராத உலர்ந்த ரொட்டித் தூளைக் கொஞ்சம் கலந்தால் பிசுபிசுப்பு போய் உதிரியாகிவிடும். ஈரமாக உருண்டை பிடிக்கும் பதத்தில் வைத்தால் அலகில் ஒட்டும், சீக்கிரம் கெடும். கேரட்டை மெல்லிசாகத் துருவிச் சேர்த்தால் வைட்டமின் ஏ பற்றாக்குறையும் கொஞ்சம் தீரும்.

ஒரு ஜோடிக்கு நாளுக்கு ஒரு தேக்கரண்டி போதும். கூட்டில் குஞ்சு வந்த பிறகு காலையில் ஒரு தடவை, மதியத்துக்குப் பின் ஒரு தடவை. குஞ்சு பெரிதாகப் பெரிதாக, தட்டு காலியாகும் வேகமே அளவைச் சொல்லிவிடும். வைத்து 2 மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். கெட்ட முட்டை உணவு ஒரு முழு ஈட்டையே, அதாவது ஒரு தடவை பொரித்த குஞ்சுகள் அத்தனையையும், ஒரே இரவில் அழித்துவிடும். அதற்கு எதையும் வைக்காமலிருப்பதே மேல்.

முதல் தடவை வைக்கும்போது பல ஜோடிகள் தொடக்கூட மாட்டா. மேலே கொஞ்சம் தினை தூவி வையுங்கள். தினையைப் பொறுக்கும்போது அலகில் ஒட்டியதை ருசி பார்த்துப் பழகும். ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் ஆகும். குஞ்சு பொரித்த பிறகு பழக்க நினைத்தால் அதற்குள் காலம் கடந்துவிடும்.

ஆண்டு முழுக்கத் தினமும் முட்டை உணவு வைக்காதீர்கள். சத்தான மென்மையான உணவு வந்துகொண்டே இருந்தால் ‘இது குஞ்சு பொரிக்கும் காலம்’ என்று பறவையின் உடம்பு எடுத்துக்கொள்ளும். நிற்காமல் முட்டையிடும்.

சுண்ணாம்புச் சத்துக்கு என்ன தரலாம்?

கணவாய் ஓடு, அதாவது கடல்நுரை. கூண்டில் எப்போதும் ஒன்று தொங்கட்டும். வழுவழுப்பான கெட்டிப் பக்கம் கம்பியைப் பார்க்க, மென்மையான பக்கம் பறவையைப் பார்க்க மாட்டுங்கள். திருப்பி மாட்டிவிட்டு ‘கொத்தவே இல்லை’ என்று சொல்பவர்கள் நிறைய.

கோழிமுட்டை ஓடும் நல்லதே. ஓட்டைக் கழுவி, 10 நிமிடம் கொதிக்கவிட்டு, நன்றாக உலர்த்தி, தினை அளவுக்கு நொறுக்கி, தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டிய அளவை அவையே எடுத்துக்கொள்ளும். முட்டையிடும் வாரத்தில் பெட்டை அந்தக் கிண்ணத்தை விட்டு நகராது.

சுண்ணாம்பு உடம்பில் சேர வைட்டமின் டி3 வேண்டும். அது வெயிலில் உருவாகும். ஜன்னல் கண்ணாடி வழியாக விழும் வெயில் இதற்கு உதவாது, ஏனென்றால் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காலை வெயிலில் கூண்டின் ஒரு பாதியை மட்டும் கொஞ்ச நேரம் வையுங்கள், மறு பாதி நிழலில் இருக்கட்டும். வெயிலுக்கு வழியே இல்லையென்றால் டி3 கலந்த சுண்ணாம்பு மருந்தைப் புட்டியில் எழுதியிருக்கும் அளவுப்படி தரலாம். ‘கொஞ்சம் கூடப் போட்டால் என்ன’ என்பது இங்கே கூடாது. டி3 அதிகமானால் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

முளைகட்டிய தினை கொடுக்கலாமா?

தாராளமாக. குஞ்சு இருக்கும் கூட்டுக்கு இதைவிடப் பிடித்தது எதுவும் இல்லை. தீவன விதையையே எடுத்து 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டியில் போட்டு, 6 மணி நேரத்துக்கு ஒரு முறை கழுவிக்கொண்டே இருங்கள். ஒரு நாளில் வெள்ளை முனை எட்டிப் பார்க்கும். அந்தப் பதம்தான் சரி. வால் நீளும்வரை காத்திருக்க வேண்டாம். முகர்ந்து பாருங்கள். பச்சை வாசனை வந்தால் கொடுக்கலாம். புளிப்போ மக்கலோ அடித்தால் அத்தனையையும் கொட்டிவிடுங்கள், பாவம் பார்க்காதீர்கள். முளைக்கவே முளைக்காத விதை வாங்கியிருக்கிறீர்கள் என்றால் அது பழைய சரக்கு. இதுவே விதையின் தரத்துக்கு ஒரு சோதனையும் ஆகும்.

கீரை, பழம்? எதைத் தரவே கூடாது?

கொத்தமல்லித் தழை, புல் கதிர், வெள்ளரித் துண்டு போன்றவை நன்று. பாலக் போன்ற ஆக்சாலிக் அமிலம் மிகுந்த கீரையை முட்டையிடும் காலத்தில் தள்ளி வையுங்கள்; சுண்ணாம்பை உடம்பில் சேரவிடாது. அவகாடோ, சாக்லேட், வெங்காயம், காபி, தேநீர், உப்பிட்ட நொறுக்குத் தீனி எதுவும் கூண்டுப் பக்கமே வரக் கூடாது. உணவில் சேராத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஒட்டாத பூச்சுள்ள வாணலி அதிகச் சூடானால் வரும் புகை பறவைகளை நிமிடங்களில் கொன்றுவிடும். கூண்டு சமையலறையில் வேண்டாம்.

கூட்டுக்குப் பெட்டியா, பானையா, கூடையா?

எதுவானாலும் உள்ளே 12 முதல் 15 செ.மீ. இடம் இருந்தால் போதும். கூண்டின் மேல் மூலையில், சந்தடி குறைந்த பக்கமாக மாட்டுங்கள். கூல்டியனுக்கு மூடிய பெட்டிதான் பிடிக்கும். நான் பெட்டியையே விரும்புகிறேன். மூடியைத் திறந்து பார்க்கலாம், கழுவலாம். பின்னிய கூடையின் இடுக்கில் செல் (இரத்தம் குடிக்கும் நுண்பூச்சி) புகுந்துகொண்டால் வெளியேற்றுவது பெரும்பாடு.

உள்ளே அடுக்க உலர்ந்த மென்புல், தேங்காய் நார். 5, 6 செ.மீ. துண்டுகளாக வெட்டிப் போடுங்கள். பஞ்சு, நூல், தலைமுடி வேண்டாம். நூல் குஞ்சின் காலில் சுற்றி இறுகி, காலே கறுத்து விழுந்ததைப் பார்த்தவர்கள் மறுபடி நூல் போட மாட்டார்கள்.

இரண்டாவது முட்டை வந்ததும் மிச்சமுள்ள நாரைக் கூண்டிலிருந்து எடுத்துவிடுங்கள். ஜீப்ரா ஆணுக்குக் கட்டுவதை நிறுத்தவே தெரியாது. முட்டை மேலேயே இன்னொரு தளம் போட்டு, அதன் மேல் பெட்டை மறுபடி முட்டையிடும். ‘திடீரென்று 9 முட்டை, ஒன்றுகூடப் பொரியவில்லை’ என்று வருபவரின் கூட்டைப் பிரித்தால் மாடி வீடு போல இரண்டு அடுக்கு இருக்கும்.

எத்தனை முட்டை, எத்தனை நாள் அடை?

ஜீப்ரா 4 முதல் 6 முட்டை வைக்கும். மூன்றாவது, நான்காவது முட்டைக்குப் பிறகே ஒழுங்காக அடையில் உட்காரும். அதற்கு முன் முட்டை குளிர்ந்து கிடந்தால் பதற வேண்டாம். உட்கார்ந்த நாளிலிருந்து 12 முதல் 14 நாள். பெங்காலீஸும் கூல்டியனும் ஓரிரு நாள் கூடுதலாக எடுக்கும். ஆணும் பெட்டையும் மாறி மாறி உட்காரும்.

எண்ணுவதை முதல் முட்டையிலிருந்து தொடங்கிவிட்டு, ‘14 நாள் ஆச்சு, பொரியலையே’ என்று முட்டையைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. அடை உட்கார்ந்த நாளைக் காலண்டரில் குறியுங்கள்.

ஒரு சின்னச் செய்தி. வெப்பம் 26 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்களில், பொரிப்பதற்கு முந்தைய கடைசி நாட்களில், ஜீப்ரா பெற்றோர் முட்டையைப் பார்த்து ஒரு தனிக் குரல் கொடுக்கும். அதைக் கேட்டுப் பொரிந்த குஞ்சுகள் வெப்பத்தில் வேறு விதமாக வளர்கின்றன என்று 2016-இல் ஆய்வு வெளியானது. அடைக்காலத்தில் கூட்டுக்குள்ளிருந்து மெல்லிய கீச்சொலி வந்தால், குஞ்சு வந்துவிட்டது என்று உடனே மூடியைத் திறக்காதீர்கள்.

கூமுட்டையை எப்படிக் கண்டுபிடிப்பது?

அடை உட்கார்ந்து 6, 7 நாள் கழித்து, இருட்டில் சிறு டார்ச் ஒளியை முட்டையின் தடித்த பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கரு கூடியிருந்தால் சிவப்பு நரம்புகள் சிலந்தி வலை போலத் தெரியும். 10 நாளுக்கு மேல் முக்கால் பாகம் இருட்டாக இருக்கும். தெளிந்த மஞ்சளாகவே இருந்தால் கூமுட்டை. ஓடு தாள் போல மெலிது. முடிந்தால் கையில் எடுக்காமல் கூட்டில் இருந்தபடியே பாருங்கள். ஒரு அடைக்கு ஒரு தடவை போதும்.

எல்லாமே கூமுட்டையானால் முதலில் இரண்டுமே பெட்டையா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், பெங்காலீஸில் இது அடிக்கடி நடக்கும். அடுத்த காரணம் ஆடும் குச்சி. உட்காரும் குச்சி ஆடினால் இணை சேர்வது சரியாக நடக்காது.

பெட்டை தரையில் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. முக்குகிறது, முட்டை வரவில்லை. என்ன செய்வது?

முட்டை அடைத்துக்கொண்டிருக்கிறது. இது நாளைக்குப் பார்க்கலாம் என்ற விஷயம் இல்லை. சில மணி நேரத்தில் உயிர் போகும்.

பறவையைச் சின்னப் பெட்டிக்கு மாற்றி 30 முதல் 32 டிகிரி வெப்பம் கொடுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் வெந்நீர் இருந்தால் காற்று ஈரமாகும். குடிக்கும் நிலையில் இருந்தால் சுண்ணாம்புக் கரைசல் ஓரிரு சொட்டு அலகின் ஓரத்தில். வெப்பத்திலேயே பல பெட்டைகள் முட்டையிட்டுவிடும். ஓரிரு மணி நேரத்தில் வரவில்லையென்றால் பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போய்விடுங்கள். வயிற்றை அமுக்காதீர்கள். முட்டை உள்ளே உடைந்தால் அநேகமாக அதோடு முடிந்தது. பிழைத்த பெட்டைக்குப் பல மாதம் கூடு மாட்டக் கூடாது.

குஞ்சு பொரிந்துவிட்டது. முதல் நாள் ஊட்டவே இல்லையே?

வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும். முதல் சில மணி நேரத்துக்கு அதுவே உணவு. பொரிந்த குஞ்சு 1 கிராம்கூட இருக்காது. இளஞ்சிவப்பு உடம்பில் அங்கங்கே வெள்ளைத் தூவி, மூடிய கண். பசித்தால் மற்றப் பறவைக் குஞ்சுகள் போலக் கழுத்தை மேலே நீட்டாது. தலையைத் தாழ்த்திக் கழுத்தைத் திருகி வாயை மேல்நோக்கிப் பிளக்கும். வாய்க்குள் கறுப்புப் புள்ளிகள் கோலம் போட்டது போல இருக்கும். பார்த்துப் புண் என்று மருந்து தடவப் போனவர்கள் உண்டு! இருட்டான கூட்டில் பெற்றோருக்கு வாய் எங்கே என்று காட்டும் அடையாளம் அது. கூல்டியன் குஞ்சுக்கு வாயோரத்தில் நீல மணிகளே இருக்கும். டார்ச் பட்டால் மின்னும்.

ஊட்டியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கழுத்தைப் பாருங்கள். தோல் கண்ணாடி போல இருப்பதால் தீனிப்பை வெளியே தெரியும். கழுத்தின் பக்கவாட்டில் புடைத்து, உள்ளே விதைகள் ஒவ்வொன்றாக எண்ணக்கூடிய மாதிரி இருக்கும். மாலை வெளிச்சம் போகும் முன் பை நிரம்பியிருந்தால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். காற்று மட்டும் நிரம்பிப் பலூன் மாதிரி இருந்தாலோ, காலையில் எழுந்தும் நேற்றைய தீனி கரையாமல் இருந்தாலோ கோளாறு.

பகலும் நீளமாக இருக்க வேண்டும். 12 முதல் 14 மணி நேர வெளிச்சம் இருந்தால்தான் பெற்றோர் ஊட்டி முடிக்க முடியும். மாலை 5 மணிக்கே கூண்டைத் துணியால் மூடிவிடும் வழக்கம் இருந்தால் குஞ்சுக் காலத்தில் விட்டுவிடுங்கள்.

குஞ்சு தரையில் கிடந்தது. தாயே தள்ளிவிட்டதா?

சில சமயம் தள்ளும். சில சமயம் பெற்றோரின் காலில் ஒட்டிக்கொண்டு தவறி விழும். உயிரோடு இருந்தால் உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றி, அசையத் தொடங்கியதும் கூட்டில் மற்றக் குஞ்சுகளின் நடுவே வையுங்கள். பனிக்கட்டி போலக் குளிர்ந்து செத்தது மாதிரி கிடக்கும் குஞ்சுகூட 10 நிமிடச் சூட்டில் வாய் திறந்ததைப் பார்த்திருக்கிறேன். குளிர்ந்த குஞ்சுக்கு உணவு கொடுக்காதீர்கள், செரிக்காது. முதலில் சூடு.

மறுபடி மறுபடி வெளியே வந்தால் தள்ளுகிறது என்றுதான் பொருள். குஞ்சு நலமில்லாமல் இருக்கலாம், ஜோடிக்கு முதல் ஈடாக இருக்கலாம், மென்மையான உணவு போதாமல் இருக்கலாம். நாம் மணிக்கொரு தரம் எட்டிப் பார்ப்பதாகவும் இருக்கலாம். என் அனுபவத்தில் கடைசி இரண்டும்தான் அதிகம்.

கை பட்டால் தாய் ஒதுக்கிவிடுமாமே?

மனித வாசனையால் ஒதுக்காது. தொந்தரவு என்பது வேறு. முதல் முறை குஞ்சு வளர்க்கும் ஜோடியும் கூல்டியனும் சட்டென்று கூட்டை விட்டுவிடும். பெற்றோர் தானாக வெளியே வந்து தின்னும் நேரம் பார்த்து, நாளுக்கு ஒரு முறை, அரை நிமிடம் பாருங்கள்.

12 நாளுக்கு மேல் கூட்டில் கை விடவே வேண்டாம். இறகு முளைத்த குஞ்சுகள் பயந்து ஒரே நேரத்தில் குதித்து வெளியே வந்துவிடும். திருப்பி வைத்தாலும் உள்ளே இருக்காது. பறக்கவும் தெரியாமல் சூடும் இல்லாமல் இரவில் தரையில் விறைத்துப் போகும்.

பெற்றோர் கைவிட்டுவிட்டால் கையால் ஊட்டி வளர்க்கலாமா?

பொரிந்த முதல் நாளிலிருந்து என்றால், நேர்மையாகச் சொன்னால், பெரும்பாலும் தோல்விதான். ஒரு வாரம் தாண்டிய குஞ்சு என்றால் நம்பிக்கை உண்டு.

அதைவிட நல்ல வழி செவிலித்தாய். பெங்காலீஸ் ஜோடி அதே சமயத்தில், அதே அளவு குஞ்சுகளோடு இருந்தால் அடுத்தவர் குஞ்சையும் பெரும்பாலும் ஏற்று ஊட்டிவிடும். இதில் ஒரு விளைவு இருக்கிறது. பெங்காலீஸ் வளர்த்த ஜீப்ரா ஆண், வளர்ந்ததும் பெங்காலீஸ் பெட்டையைத்தான் தேடும். வளர்த்த தகப்பனின் பாட்டையே பாடும். இதை முறையாக ஆராய்ந்து சொன்னவர் ஜெர்மானியப் பறவையியலாளர் க்ளாஸ் இம்மெல்மன். உயிர் பிழைப்பதுதான் முக்கியம் என்றால் இதைப் பொருட்படுத்த வேண்டாம்.

கையால்தான் ஊட்ட வேண்டும் என்றால்: குஞ்சுகளுக்கென்று விற்கும் தூளை வெந்நீரில் கரைத்து 39, 40 டிகிரி சூட்டில் ஊட்டுங்கள். வெப்பமானியால் அளக்கவும், விரலை நம்ப வேண்டாம். 42-ஐத் தாண்டினால் தீனிப்பை வெந்துவிடும். ஆறிப்போனால் பையிலேயே புளிக்கும். ஒரு தடவைக்குக் குஞ்சின் எடையில் பத்தில் ஒரு பங்கு. 5 கிராம் குஞ்சுக்கு அரை மி.லி. ஊசியில்லாத சிறிய சிரிஞ்சால், குஞ்சு தானாக வாய் பிளக்கும்போது மட்டும் சொட்டுச் சொட்டாக. முதல் வாரத்தில் விடியலிலிருந்து இரவுவரை மணிக்கு ஒரு தரம், பிறகு 2 மணி நேரத்துக்கு ஒரு தரம். பெட்டியின் வெப்பம் பொரிந்த குஞ்சுக்கு 36, 37 டிகிரி. இறகுக் குருத்து வந்ததும் மெல்ல 30-க்கு இறக்கலாம். பால் கொடுக்கவே கூடாது. வேலைக்குப் போய்க்கொண்டே இதைச் செய்வது நடக்காத காரியம்.

எப்போது கூட்டை விட்டு வெளியே வரும்? எப்போது பிரிப்பது?

ஜீப்ரா குஞ்சு 18 முதல் 21 நாளில் வெளியே வரும். வெளியே வந்ததால் தானாகத் தின்னும் என்று நினைத்துவிடாதீர்கள். இன்னும் 2 வாரம் பெற்றோர்தான் ஊட்டும், முக்கியமாகத் தகப்பன். இரவில் குஞ்சுகள் கூட்டுக்கே திரும்பும், அதனால் கூட்டை எடுத்துவிடாதீர்கள். தண்ணீர்க் கிண்ணத்தின் ஆழத்தை 1 செ.மீ.க்குக் குறையுங்கள், அல்லது கூழாங்கல் போட்டு வையுங்கள். பறக்கப் பழகும் குஞ்சு அதில் விழுந்தால் எழுந்திருக்கத் தெரியாது. தரையில் ஒரு தட்டில் தினையும் முட்டை உணவும் இருக்கட்டும்.

35 நாளுக்கு முன் பிரிக்க வேண்டாம். 40 நாள் இருந்தால் எனக்குத் திருப்தி. அலகின் கறுப்பு மறைந்து ஆரஞ்சு ஏறத் தொடங்குவது ஒரு அடையாளம். ஆனால் உறுதியான சோதனை, குஞ்சு தானே விதையை உடைத்து உமியைத் துப்புகிறதா என்பதுதான். விதையை அலகில் வைத்து விளையாடிவிட்டுக் கீழே போடுவது சாப்பிடுவது ஆகாது. சந்தேகம் இருந்தால் காலையில் தீனிப்பையைப் பாருங்கள்.

குஞ்சுகளின் முதுகில் இறகே இல்லை. நோயா?

பெற்றோர் பிடுங்கியிருக்கும். அடுத்த ஈட்டுக்கு ஆயத்தமாகும் ஜோடி, கூட்டுக்கு மெத்தை போட நார் கிடைக்காமல் குஞ்சின் இறகைப் பறிக்கும். கூண்டில் கொஞ்சம் புல் போடுங்கள். அடங்காவிட்டால் பெட்டையைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் விட்டு, தகப்பன் மட்டும் ஊட்டட்டும். இறகு சில வாரத்தில் மறுபடி முளைக்கும்.

ஆண்டுக்கு எத்தனை ஈடு?

இரண்டு. பறவை நல்ல உடற்கட்டோடு இருந்தால் மூன்று. அதன்பின் கூட்டை எடுத்து, முட்டை உணவை வாரம் ஒரு தடவையாகக் குறைத்து, வெளிச்சத்தையும் 10, 11 மணி நேரமாக்குங்கள். அப்படியும் தீவனத் தட்டிலேயே முட்டையிடும் பிடிவாதக்காரிகள் இருக்கிறார்கள்.

அப்போது முட்டையை எடுத்துப் போடாதீர்கள், காணாமல் போன முட்டைக்குப் பதில் இன்னொன்று வைக்கும். பிளாஸ்டிக் முட்டையை மாற்றி வைத்து, சலித்துப்போய் எழும்வரை உட்காரவிடுங்கள். இல்லையென்றால் ஆணைத் தனியே, ஆண் குரல் மட்டும் கேட்கும் தூரத்தில் வையுங்கள்.

ஒரே கூண்டில் இரண்டு ஜோடி வைக்கலாமா?

இரண்டு வேண்டாம். ஒரு ஜோடி, அல்லது பெரிய அடைப்பில் மூன்றுக்கு மேல். இரண்டு ஜோடியாக வைத்தால் வலுத்த ஜோடி மற்றதை விரட்டிக்கொண்டே இருக்கும். ஒரு ஜோடிக்குக் கூண்டின் நீளம் 60 செ.மீ.யாவது இருக்கட்டும், ஃபிஞ்ச் பறப்பது பக்கவாட்டில்தான், உயரமான கூண்டால் அதற்குப் பயனில்லை.

குஞ்சுகள் சோர்ந்து வெளுத்திருக்கின்றன, தீனிப்பை நிரம்பித்தான் இருக்கிறது. என்ன காரணம்?

செல்லைத் தேடுங்கள். சிவப்புச் செல் பகலில் கூட்டின் இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் வந்து இரத்தம் குடிக்கும். இரவு 10 மணிக்கு மேல் ஒரு வெள்ளைத் தாளைக் கூட்டின் அடியில் வைத்து லேசாகத் தட்டுங்கள். மிளகுத் தூள் போல விழுந்து, அந்தத் தூள் நடக்கத் தொடங்கினால் விடை கிடைத்துவிட்டது. அன்றிரவே குஞ்சுகளைச் சூடான சுத்தமான கூட்டுக்கு, புதிய நார் போட்டு, அதே இடத்தில் அதே உயரத்தில் மாற்றுங்கள். பழைய கூட்டைக் கொதிநீரில் முக்குங்கள். வீட்டுப் பூச்சி மருந்தைத் தெளிக்காதீர்கள், பறவைக்கான மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். பெற்றோர் அரை மணி நேரத்துக்குள் புதுக் கூட்டுக்குள் போகிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். போகாவிட்டால் விளக்கை அணைக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கள். இருட்டிவிட்டால் அவற்றால் வழி கண்டுபிடிக்க முடியாது.